இனி யாரும் இதைத் தொட வேண்டாம்

ஹோபார்ட்
3 மார்ச் 2025

அபிசாய்,

ஒன்பது வருஷம் கழித்து உன்னிடமிருந்து கிட்பேக்குக்கு ஒரு திருத்தம் வந்திருக்கிறது என்றதும் கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டுத் திறந்து பார்த்தேன். உள்ளே இருந்தது துடைப்பம்.

"டெஸ்ட் கோப்புகளில் கமென்ட்களை ஒழுங்குபடுத்தியிருக்கிறேன், 318 இடங்கள்." இவ்வளவுதானா? நீயும் நானும் ஏழு வருஷம் சேர்ந்து கட்டிய நிரல் இது. படகு இருக்கும் இடம், நேரம், பிடித்த மீனின் எடை, எதைக் கொடுத்தாலும் சின்னப் பொட்டலமாகக் கட்டும். செயற்கைக்கோள் வழியே அது போய்ச் சேர்ந்ததும் சிந்தாமல் அவிழ்த்துக் கொடுக்கும். அந்தப் பொட்டலத்தின் தலைப்பை நாலே பைட்டுக்குள் அடக்கிக் காட்டியவன் நீ. அதே கையால் இப்போது, கணினி படிக்கவே படிக்காத என் கமென்ட் குறிப்புகளுக்கு முற்றுப்புள்ளி வைத்துக்கொண்டிருக்கிறாய். நிரல் எழுத வராத பிள்ளைகள், நாங்களும் பங்களித்தோம் என்று பயோடேட்டாவில் போட்டுக்கொள்வதற்காகச் செய்கிற வேலை இது. வாரத்துக்கு நாலு பேர் அனுப்புகிறார்கள். படிக்காமலே மூடிவிடுவேன்.

உன்னுடையதைப் படித்தேன், பழைய பழக்கத்தில்.

2016-இல் நடந்ததற்காக இன்னும் நீ முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தால் அது உன் பாடு. உதவி கேட்ட படகு தைவூனித் தீவுக்குக் கிழக்கே கிடந்தது, கடலில் தேடி மீட்கும் உன் அலுவலகம் மேற்கே தேடியது. கிட்பேக்கில் பிழை இல்லை, அதைப் பயன்படுத்திய நிரலை எழுதிய அபிசாய் தெலாயின் கையில்தான் பிழை என்று இணையத்தில் நம் பொதுப் பலகையில் எழுதினேன். உண்மையைத்தான் எழுதினேன். அதற்கு வருத்தப்பட்டுப் போனவன் போனவனாகவே இருந்திருக்கலாம்.

இங்கே விதி எல்லோருக்கும் ஒன்றுதான். மறந்திருந்தால் மறுபடி சொல்கிறேன். ஒரு கமென்டை எடுக்க வேண்டுமானால், முதலில் அதன் கீழே இருக்கும் வரியை வேண்டுமென்றே கெடுத்துப் பார்க்க வேண்டும். நிரல் சரியாக ஓடுகிறதா என்று காவல் காக்கிற டெஸ்ட் அலறினால், கமென்ட் இல்லாமலும் அந்த டெஸ்ட் பிழைத்துக்கொள்ளும், எடுத்துவிடலாம். அலறாவிட்டால் என்னிடம் வர வேண்டும். 318 இடத்திலும் இதைச் செய்தாயா? செய்திருக்க மாட்டாய்.

ராஸ்லின் பர்விஸ்


சுவா
9 மார்ச் 2025

ராஸ்லின்,

செய்யவில்லை. செய்கிறேன்.

ஏன் துடைப்பத்தோடு வந்தேன் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்கிற வழக்கம் உங்களுக்கு எப்போதும் இருந்ததில்லை, ஆகவே நானே சொல்கிறேன்.

ஜூன் 21-ஆம் தேதி என் மகள் லிதியாவுக்கு எங்கள் ஊர் தைவூனியில் கல்யாணம். மாப்பிள்ளையின் அப்பா நல்ல மனிதர். என் பெயரை இணையத்தில் தேடிப் பார்த்திருக்கிறார். முதலில் வருவது உங்கள் அறிவிப்பு. "பிழை அபிசாய் தெலாயின் கையில்." லிதியாவைக் கூப்பிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டாராம்: "உங்கப்பா தப்பாச் சொன்னதாலதான் அந்த ஆளுக்குக் கால் போச்சுன்னு போட்டிருக்காங்களேம்மா, நெசமா?"

அந்த ஆள் எரோனி. என் மாமன் மகன். வலை இழுக்கும் விஞ்சுக் கயிற்றில் கால் நசுங்கி, இரண்டு நாள் படகிலேயே கிடந்தான். கண்டுபிடித்தபோது முழங்காலுக்குக் கீழே எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. என் வேலையும் அதோடு போயிற்று. இப்போது ஒரு தொழிற்பள்ளியில் பாடம் எடுக்கிறேன், அதில் எனக்கு வருத்தமில்லை. எங்கள் பக்கம் மச்சான் என்றால் பார்க்கும்போதெல்லாம் ஒருவரை ஒருவர் கிண்டல் செய்துதான் பேசுவோம். எரோனி ஒன்பது வருஷமாக என்னைக் கிண்டல் செய்யவில்லை. மரியாதையாகப் பேசுகிறான். கல்யாணத்தில் பெண் வீட்டுப் பாயில் தலைமாட்டில் உட்கார வேண்டியவன் அவன். "அபிசாய் ஒக்காந்தா நான் ஒக்கார மாட்டேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டான்.

உங்கள் அறிவிப்பை எடுக்கச் சொல்லிக் கேட்டால் நீங்கள் எடுக்க மாட்டீர்கள். ஆகவே என் பெயரைத் தேடினால் அதற்கு மேலே வேறு ஏதாவது வரட்டும் என்று நினைத்தேன். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். துடைப்பமாக இருந்தாலும் சரி.

இன்னொன்று. உங்கள் கமென்ட்களைப் பற்றி ஏதோ சாசனம் போலப் பேசுகிறீர்கள். அவற்றில் சில: "எண்ணோடு ஒன்றைக் கூட்டுகிறோம்." கீழே எண்ணோடு ஒன்றைக் கூட்டுகிற வரி. "இங்கே ஏன் ஏழு? ஆறு போதவில்லை." "மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இதைச் சரிசெய்ய வேண்டும், 2009." பதினாறு வருஷமாக நீங்கள் சாப்பிட்டு முடிக்கவில்லை.

அபிசாய்


ஹோபார்ட்
14 மார்ச் 2025

அபிசாய்,

கல்யாணத்துக்கு வாழ்த்துகள். உன் குடும்ப விவகாரத்தை என் டெஸ்ட் கோப்புக்குள் கொண்டுவராதே.

அறிவிப்பை எடுக்க மாட்டேன் என்பதைச் சரியாகப் புரிந்துவைத்திருக்கிறாய். உண்மை யாருக்கு வலிக்கிறது என்று பார்த்து அதை அழித்துக்கொண்டிருந்தால், நாளைக்கு இந்த நிரலை ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். பெயரை மேலே கொண்டுவர வேண்டுமானால் உருப்படியாக ஏதாவது எழுது. நான் தடுக்கவில்லை. நீயோ என் மதியச் சாப்பாட்டைக் கிண்டல் செய்துகொண்டிருக்கிறாய்.

நெவில் உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தார். "அந்தச் சாப்பாட்டு கமென்ட் எனக்கு ஞாபகம் இருக்கு ராஸ். அன்னிக்கு சிப்பிக்கறி வெச்ச ஸ்காலப் பை வாங்கிட்டு வந்தேன், நீ ரெண்டு தின்னுட்டுத் தூங்கிட்ட" என்றார். கணவர் என்று ஒருவர் எதற்கு இருக்கிறார் என்று சில நாள் தோன்றுகிறது.

318. ஒன்றுகூட விடாமல் கெடுத்துப் பார். பட்டியல் போட்டு அனுப்பு. ஒன்றில் ஏமாற்றியிருந்தாலும் மொத்தத்தையும் குப்பையில் போடுவேன்.

ரா.


சுவா
6 ஏப்ரல் 2025

ராஸ்லின்,

பட்டியல் இணைப்பில் இருக்கிறது. மூன்று வாரம் ஆயிற்று. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நாளுக்குப் பதினைந்து வீதம் கெடுத்தேன். லிதியா பின்னால் நின்று பார்த்துவிட்டு, "நல்லா ஓடிக்கிட்டு இருக்கறத ஒடச்சு ஒடச்சுப் பாக்கறதுதான் ஒங்க வேலையாப்பா?" என்றாள். விதியை உருவாக்கியவர் ஹோபார்ட்டில் இருக்கிறார், அவரைக் கேள் என்றேன்.

311 இடங்களில் டெஸ்ட் ஒழுங்காக அலறியது. அங்கே கமென்ட்களை எடுத்துவிட்டேன், அல்லது படிக்கும்படி ஒரே வரியாக ஆக்கினேன். ஆறு இடங்களில் கமென்டுக்குக் கீழே வரியே இல்லை. டெஸ்டை யாரோ எடுத்துவிட்டு கமென்டை மட்டும் விட்டிருக்கிறார்கள். எது ஓடுகிறதோ அதை எடுத்துவிட்டு, எது பேசுகிறதோ அதை வைத்துக்கொள்வது உங்கள் வீட்டு வழக்கம்போல.

மீதி ஒன்று. இடத்தைக் கட்டி அவிழ்க்கும் கோப்பில், கடைசி டெஸ்ட். அதன் கமென்ட் இது:

"நூற்றெண்பதாவது தீர்க்கரேகையைத் தாண்டும் படகு. கிழக்கு மேற்காக மாறும் இடம். சரியாக வருகிறது, நானே பார்த்துவிட்டேன். இனி யாரும் இதைத் தொட வேண்டாம். ரா.ப., 12 ஆகஸ்ட் 2013."

தொட்டேன். விதி அப்படி. அவிழ்த்து வருகிற இடத்தில் படகை ஒரு பாகை நகர்த்தினேன், அலறவில்லை. படகைத் தூக்கி ஆலிஸ் ஸ்பிரிங்ஸில், பாலைவனத்தின் நடுவில் வைத்தேன். அலறவில்லை. உலகத்திலேயே இல்லாத இடமாக ஒன்பதாயிரம் பாகையில் வைத்தேன். பச்சை விளக்கு காட்டிக்கொண்டு சும்மா நிற்கிறது.

அலறாவிட்டால் உங்களிடம் வர வேண்டும். வந்திருக்கிறேன்.

அபிசாய்


ஹோபார்ட்
8 ஏப்ரல் 2025

அபிசாய்,

பட்டியலைப் பார்த்தேன். 317-க்கும் சரி சொல்லலாம். ஆச்சரியம், நீ இன்னும் வேலை செய்ய மறக்கவில்லை.

அந்தக் கடைசி ஒன்றை விட்டுவிடு. கிட்பேக்கில் நான் காகிதத்தில் கணக்குப் போட்டு, உட்கார்ந்து சரிபார்த்து எழுதிய ஒரே டெஸ்ட் அது. நீ வேண்டாத வரியைக் கெடுத்திருப்பாய், இல்லாவிட்டால் உன் கணினி பழைய நகலை ஓட்டியிருக்கும். கமென்டையே முழுசாகப் படி. "நானே பார்த்துவிட்டேன்" என்று எழுதியிருக்கிறது. எழுதியவள் நான். 2016-இலும் இதே கமென்டைப் பார்த்துத்தான், பிழை எங்கள் பக்கம் இல்லை என்று உறுதியாகச் சொன்னேன். நீ எதைக் கிளறிப் பார்க்க வருகிறாய் என்று எனக்குத் தெரியாமலில்லை. இந்தத் துடைப்பமெல்லாம் இதற்குத்தானா?

அதை அப்படியே வை. மற்றதை இந்த வாரமே இணைத்துவிடுகிறேன். உன் பெயர் மேலே வரும். சந்தோஷமாகக் கல்யாணத்தை நடத்து.

ரா.


சுவா
10 ஏப்ரல் 2025

ராஸ்லின்,

மற்றதை இணைக்க வேண்டாம். 318-உம் சேர்ந்து போகட்டும், அல்லது ஒன்றும் போக வேண்டாம்.

உங்கள் டெஸ்டை முழுவதும் படித்தேன். எட்டு வரி. முதலில் படகின் இடத்தை எழுதுகிறீர்கள். பிறகு அதைப் பொட்டலமாகக் கட்டுகிறீர்கள். பிறகு அவிழ்த்து, வந்ததை ஒரு பக்கம் வைக்கிறீர்கள். கடைசியில் ஒப்பிட வேண்டும். அவிழ்த்து வந்ததை எடுத்து ஒப்பிட வேண்டிய இடத்தில், கட்டுவதற்கு முன்பு எழுதிய இடத்தையே இரண்டு தரம் எடுத்து, அதையும் அதையும் ஒப்பிட்டிருக்கிறீர்கள். இரண்டும் ஒன்றுதான். பன்னிரண்டு வருஷமாக ஒன்றாகத்தான் இருக்கிறது. அவிழ்த்து வந்தது ஒரு ஓரமாகக் கிடக்கிறது, அதைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை.

நான் அதைத் திரும்பிப் பார்த்தேன். அன்றைக்கு எரோனியின் படகு அனுப்பிய இடம் எனக்கு மனப்பாடம். மேற்கு 179.6. அதையே போட்டு ஓட்டினேன். வெளியே வந்தது கிழக்கு 179.6. எண்பத்தைந்து கிலோமீட்டர் தள்ளி, தைவூனிக்கு மேற்கே இந்தப் பக்கம், நாங்கள் இரண்டு நாள் தேடிய அதே கடல்.

இத்தனை வருஷம் இது எப்படி வேறு யாருக்கும் தெரியாமல் போயிற்று என்று கேட்பீர்கள். அந்த விபத்துக்குப் பிறகு இந்தப் பக்கத்து அலுவலகங்களில் கிழக்கு மேற்கு என்று எழுதுவதையே விட்டுவிட்டார்கள். பூஜ்யத்திலிருந்து முந்நூற்றறுபது வரை எண்ணித்தான் அனுப்புகிறார்கள். அபிசாய் மாதிரி இன்னொருவன் குழப்பிவிடக் கூடாதே என்று.

இதைத் தேடிக்கொண்டு நான் வரவில்லை. நீங்கள் சொல்லித்தான் கெடுத்துப் பார்த்தேன். நானேகூட என் கையில்தான் பிழை என்று ஒன்பது வருஷமாக நம்பிக்கொண்டிருந்தேன். நான் எழுதிய அந்தப் பழைய நிரலை எத்தனை தரம் எடுத்துப் பார்த்திருக்கிறேன் தெரியுமா? எந்த வரி, எந்த வரி என்று.

பதில் எழுத வேண்டாம். திறந்து பாருங்கள்.

அபிசாய்


ஹோபார்ட்
27 ஏப்ரல் 2025

அபிசாய்,

பார்த்தேன்.

இதற்குமேல் என்ன எழுதுவது என்று பதினேழு நாளாகத் தெரியவில்லை. முதல் நாலு நாள் உன்மேல்தான் தப்பு என்று நிரூபிக்கப் பார்த்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். பழைய கணினியை அலமாரியிலிருந்து இறக்கி அதிலும் ஓட்டிப் பார்த்தேன். நெவில் வந்து, "எத்தன தரம் ராஸ்? ஒவ்வொரு தரமும் ஒரே மாதிரிதானே வருது. அந்த ஆளுக்கு ஒரு வார்த்தை எழுதேன்" என்றார். எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

2013-இல் காகிதத்தில் கணக்குப் போட்டது நிஜம். காகிதத்தில் சரியாகவே வந்தது. அதை டெஸ்டில் எழுதும்போது கடைசி வரியில் கை தவறியிருக்கிறது. அது எல்லோருக்கும் நடக்கும், அதற்காக நான் செத்துப்போக மாட்டேன். 2016-இல் நடந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒருத்தனுக்குக் கால் போயிருக்கிறது, உன் வேலை போகப்போகிறது. நான் அந்தக் கோப்பைத் திறந்தேன். கமென்டைப் படித்தேன். கீழே இருந்த எட்டு வரியைப் படிக்கவில்லை. என் பேரைப் பார்த்ததும் மூடிவிட்டேன். ஊரில் எல்லோரையும் கெடுத்துப் பார்க்கச் சொன்னவள், என் கமென்டை மட்டும் கெடுத்துப் பார்க்கவில்லை. இத்தனை நாள் உன்னை இளக்காரமாகப் பேசினேனே, அதில் பாதிக்காவது யோக்கியதை எனக்கு இருந்ததா என்று தெரியவில்லை.

நிரலைச் சரிசெய்துவிட்டேன். டெஸ்டின் கடைசி வரியையும் திருத்தியிருக்கிறேன். பழைய கமென்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதை எழுதியிருக்கிறேன், நீ பார்த்துச் சரி சொன்னால் இணைக்கலாம்:

"ஏப்ரல் 2016-இல் தைவூனிக்குக் கிழக்கே கிடந்த படகின் இடம் தவறாக வந்ததற்குக் காரணம் கிட்பேக். இந்த டெஸ்ட் பன்னிரண்டு வருஷம் எதையும் சோதிக்கவில்லை. பிழை முழுவதும் என்னுடையது. அபிசாய் தெலாயின் நிரல் சரியாகவே இருந்தது. அவர்மேல் பழி சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். ரா.ப."

ராஸ்லின்


சுவா
2 மே 2025

ராஸ்லின்,

நிரல் திருத்தம் சரி. டெஸ்ட் சரி. கமென்டை நிராகரிக்கிறேன்.

காரணம் உங்கள் விதிதான். கீழே இருக்கும் வரியைக் கெடுத்துப் பார்த்தேன், டெஸ்ட் இப்போது அலறுகிறது. ஆகவே கமென்ட் தேவையில்லை.

இன்னொரு காரணமும் இருக்கிறது. என் பெயரை நீங்கள் எழுதியது டெஸ்ட் கோப்பில் இல்லை. பொதுப் பலகையில், உலகத்தில் எவன் தேடினாலும் முதலில் கண்ணில் படுகிற இடத்தில் எழுதினீர்கள். மன்னிப்பை மட்டும் எவனும் எட்டிப் பார்க்காத கோப்பின் கடைசி மூலையில் வைக்கிறீர்கள். கமென்டை யார் படிக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். எழுதினவர்களே படிப்பதில்லை.

எங்கள் பக்கம் ஒருவருக்குத் தீங்கு செய்துவிட்டால், யங்கோனா என்கிற சடங்குப் பானத்துக்கான வேர்க்கட்டை எடுத்துக்கொண்டு அவர் வீட்டு முன்வாசலில் போய் உட்கார்வார்கள். ஊர் பார்க்க உட்கார்வார்கள். உள்ளே கூப்பிட்டால்தான் போகலாம், கூப்பிடாவிட்டால் எழுந்து திரும்ப வேண்டியதுதான். அடுப்படிப் பக்கமாக வந்து காதில் சொல்லிவிட்டுப் போகிற வழக்கம் இல்லை.

எனக்குப் பெரிதாக ஒன்றும் வேண்டாம். எரோனி மட்டும் என்னை மறுபடி கிண்டல் செய்ய வேண்டும்.

அபிசாய்


ஹோபார்ட்
9 மே 2025

அபிசாய்,

பலகையில் எழுதிவிட்டேன். அந்தக் கமென்டையே போட்டேன், கூட ஒரு வரி சேர்த்து: "அந்த டெஸ்டை நான் திறந்து படிக்கவே இல்லை." மறுநாளே இருநூறு பேர் எழுதிவிட்டார்கள். பாதிப்பேர் நான் உனக்கு மார்ச்சில் எழுதிய அதே தொனியில் எழுதுகிறார்கள். அந்தப் பக்கம் நின்று படித்தால் அது எப்படி இருக்கிறது என்று இப்போது தெரிகிறது. கிட்பேக்கின் சாவியைக் கொடுத்துவிட வேண்டும் என்றார்கள், கொடுத்துவிட்டேன். இனி இணைப்பதும் மறுப்பதும் உன் கையில்தான். நீ வேண்டாம் என்று எழுதுவாய் என்று தெரியும், எழுதாதே.

பழைய அறிவிப்பை அழித்துவிடட்டுமா?

வேர்க்கட்டு எங்கே வாங்குவது? சுவா சந்தையிலா, இல்லை அங்கே வந்தா? எத்தனை கிலோ? எனக்காகப் பேச ஒரு ஆள் வேண்டும் என்று எங்கேயோ படித்தேன். நெவில் வருகிறேன் என்கிறார், ஆனால் அவர் வாயைத் திறந்தால் ஸ்காலப் பையைப் பற்றித்தான் பேசுவார்.

ராஸ்லின்


தைவூனி
24 ஜூன் 2025

ராஸ்லின்,

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. நீங்கள் விட்டுப்போன குடை இங்கே இருக்கிறது. நெவிலின் தொப்பியை லிதியாவின் மாமியார் போட்டுக்கொண்டு திரிகிறார், அது திரும்பி வராது.

போன மாதம் நீங்கள் இங்கே வந்தபோது எரோனி வீட்டு வாசலில் நடந்ததைப் பற்றி விமான நிலையத்துக்குப் போகிற வழியில் நீங்கள் ஒன்றும் பேசவில்லை, நானும் பேசவில்லை. இப்போது எழுதிவிடுகிறேன். உங்களுக்காகப் பேச வந்த பள்ளி வாத்தியார் நன்றாகத்தான் பேசினார். நீங்கள்தான் நடுவில் காகிதத்தை எடுத்துப் படிக்க ஆரம்பித்தீர்கள். எரோனி கைகாட்டி நிறுத்தினான். உங்களுக்கு அது கோபமாகத் தெரிந்திருக்கும். கோபம்தான்.

"காயிதத்த மடிச்சு வைம்மா. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். எனக்குக் கால் போச்சுன்னு சேதி வந்தப்ப, அதத் தெறந்து பாத்தியா, பாக்கலையா?"

"பாக்கல" என்றீர்கள்.

நானே அது போதாது, வேர்க்கட்டை அவன் எடுக்க மாட்டான் என்றுதான் நினைத்தேன். நீங்கள் ஏதாவது காரணம் சொல்லியிருந்தால் எடுத்திருக்க மாட்டான், அது எனக்குத் தெரியும். பிறகு குனிந்து அதைத் தொட்டான்; தொட்டால் ஏற்றுக்கொண்டதாக அர்த்தம்.

உங்களை அவனுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். "மொகத்துல சிரிப்பே இல்லாத பொம்பள" என்றுதான் சொல்கிறான். எனக்கும் உங்கள்மேல் கோபம் முழுவதும் தீர்ந்துவிடவில்லை, பொய் சொல்ல மாட்டேன்.

கல்யாணத்தன்று தலைமாட்டில் உட்கார்ந்தான். பக்கத்தில் பாயைத் தட்டி என்னைக் கூப்பிட்டான். அத்தனை பேர் நடுவில், சம்பந்தி காதிலும் விழும்படி, "ஏன் மச்சான், கப்பல் ஏத்தி ஒன்னப் படிக்க வெச்சது கமென்டக் கூட்டிப் பெருக்கறதுக்கா?" என்றான். லிதியாதான் வந்து என் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

318 இடங்களையும் நேற்று இணைத்துவிட்டேன். கடைசி டெஸ்டுக்கு மேலே கமென்ட் இல்லை.

சம்பந்தி மறுபடி என் பெயரைத் தேடிப் பார்த்தாராம். இப்போதும் முதலில் வருவது உங்கள் அறிவிப்புதான், புதியது. பழையது அதற்குக் கீழே இருக்கிறது. அழித்துவிடட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். இரண்டும் ஒன்றின்கீழ் ஒன்றாக அங்கேயே இருக்கட்டும். இனி யாரும் அதைத் தொட வேண்டாம்.

அபிசாய்